அண்ணாச்சி தோற்றுவிட்டால் அப்புறம் என்ன செய்வார்?

பேட்டை ரோடு
ஓட்டுப் போட்டு முடிந்து, பெட்டிகளை உள்ளே வைத்துப் பூட்டி சீலும் வைத்தாகிவிட்டது. எண்ணுவதற்கு இன்னும் நாள் கிடக்கிறது. ஊரில் வேறு பேச்சே இல்லை. எந்தத் தொகுதி, எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள், ஊரைக் கொஞ்சம் மாற்றித்தான் சொல்கிறேன். ஆளைக் கண்டுபிடித்துவிட்டாலும் பெயரை இங்கே போட வேண்டாம். எங்கள் அண்ணாச்சிக்கு வயது எழுபத்தைந்தைத் தாண்டியாயிற்று. நான் டவுசர் போட்டுத் திரிந்த காலத்திலிருந்து எங்கள் பக்கம் வேட்பாளர் என்றால் அவர்தான். ஜெயித்தும் இருக்கிறார், தோற்றும் இருக்கிறார். இப்போது எம்எல்ஏவும் அவர்தான். இந்தத் தடவை தேற மாட்டார் என்று அவருடைய ஆட்களே உள்ளுக்குள் பேசிக்கொள்கிறார்கள். பூத் ஏஜெண்டாக உட்கார்ந்தவன் சாயங்காலம் வீட்டுக்குப் போகிற நடையிலேயே தெரிந்துவிடாதா என்ன?

ஜெயிப்பாரா தோற்பாரா என்பது என் கேள்வி இல்லை. தோற்றால் மறுநாள் காலையிலிருந்து அந்த மனுசன் என்ன செய்வார்? வயலைத் தம்பிமார் பார்த்துக்கொண்டார்கள். கடை கண்ணி எதுவும் கிடையாது. கல்யாண வீடு, துஷ்டி வீடு, மனு, கையெழுத்து, கூட்டம். நாற்பத்தைந்து வருசமாக இவ்வளவுதான் அவருக்குத் தெரிந்த வேலை. கேலிக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே யோசனையாக இருக்கிறது.

திசையன்விளை காத்து
முதலில் தோற்பார் என்று எப்படி முடிவு கட்டினீர்கள்? 2016இல் ராதாபுரத்தில் நடந்ததை நம் ஜில்லாக்காரன் மறக்கலாமா? திமுகவின் அப்பாவு அதிமுகவின் இன்பதுரையிடம் 49 ஓட்டில் தோற்றார். இரண்டு கல்யாண வேனில் ஏறுகிற கூட்டம்தான் அது. கேஸ் நடந்து, தபால் ஓட்டையும் கடைசி மூன்று சுற்றையும் திரும்ப எண்ணச் சொல்லி உத்தரவு வந்து, 2019 அக்டோபரில் சென்னை ஐகோர்ட் வளாகத்திலேயே எண்ணினார்கள். முடிவை வெளியிடக் கூடாதென்று சுப்ரீம் கோர்ட் தடை போட்டுவிட்டது. அப்படியே இழுத்து 2021 தேர்தலும் வந்தது. அப்பாவு ஜெயித்து சபாநாயகராகவும் ஆகிவிட்டார். எண்ணி முடிக்கிற வரைக்கும் யாரும் யாருக்கும் மாலையும் வாங்க வேண்டாம், மலர்வளையமும் வாங்க வேண்டாம்.

பேட்டை ரோடு
காத்து அண்ணாச்சி, அது பூத்துக்கு ஒரு ஓட்டுகூடத் தேறாத வித்தியாசம். இங்கே போன தடவை அவருக்கு நானூறுக்கு மேல் விழுந்த பூத்தில் இந்தத் தடவை இருநூற்றைம்பது தாண்டாது என்று ஏஜெண்டே விரலை மடக்குகிறார். அது அவருடைய சொந்தத் தெரு பூத்.

மேலப்பாளையம் மாமா
சொந்தத் தெரு கைவிட்டால் முடிந்தது கதை.

எங்கள் பக்கம் பிரச்சாரத்துக்கு வந்தபோதே எனக்குப் பட்டது. முன்பெல்லாம் வந்தால் வேனை விட்டு இறங்கி, திண்ணையில் உட்கார்ந்து, நோன்புக் கஞ்சி இருந்தால் வாங்கிக் குடித்துவிட்டுப் போகிற ஆள். இந்தத் தடவை மேலே நின்றே கும்பிட்டார். வேன் நகர்ந்துவிட்டது. முழங்கால் தேய்ந்து போய், இறங்கினால் ஏற முடியாது என்பது அப்புறம்தான் தெரிந்தது. ஆனால் ஓட்டுப் போடுகிறவனுக்கு முழங்கால் எங்கே தெரியப்போகிறது? இறங்கவில்லை என்பதுதான் தெரியும்.

தாம்பரம் டு நெல்லை
இதில் யோசிக்க என்ன இருக்கிறது? அரசு ஊழியருக்கு 60 வயதில் ஓய்வு. அதுவே 58ஆக இருந்ததை 2020இல் 59, 2021இல் 60 என்று ஏற்றினார்கள். என் கம்பெனியில் ஐம்பதைத் தொட்டாலே ஒரு மாதிரியாகப் பார்க்கிறான். இவர்களுக்கு மட்டும் ஏன் எழுபத்தைந்து, எண்பது? வீட்டில் இருக்கட்டும், பேரப்பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் கொண்டு விடட்டும். கூடப் பத்து வருசம் போஸ்டர் ஒட்டியவன் ஒருத்தனுக்காவது இந்தத் தடவை சீட்டை விட்டுக்கொடுத்திருக்கலாம் அல்லவா?

கொக்கிரகுளம்
தாம்பரம் தம்பிக்கு ஒரு வார்த்தை. நான் கலெக்டர் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவன். மாதக் கடைசி சாயங்காலம் மாலை போட்டு, இரண்டு பேர் பேசி, ஒரு பெட்டி மிக்சர் கொடுத்து, ஜீப்பில் வீட்டு வாசல் வரைக்கும் கொண்டுவந்து விட்டார்கள். மறுநாள் காலையில் சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றேன் என்று வீட்டில் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். அரசியலில் அந்த ஜீப் கிடையாது. யாரும் வீட்டில் கொண்டுவந்து விட மாட்டார்கள். கீழே தள்ளினால்தான் உண்டு.

முன்பு ஒதுங்க ஒரு இடம் இருந்தது, சட்ட மேலவை. வயசாளி, படித்தவர், தோற்றவர் என்று எல்லாரையும் அங்கே கௌரவமாக உட்கார வைக்கலாம். 63 இடம். 1986இல் எம்ஜிஆர் அதைக் கலைத்துவிட்டார். கலைஞர் 2010இல் திரும்பக் கொண்டுவரப் பார்த்தார், பாராளுமன்றம் வரைக்கும் போய் நிறைவேறியும் விட்டது. 2011இல் ஆட்சி மாறியதும் ஜெயலலிதா வேண்டாமென்று சொல்லிவிட்டார். அப்புறம் மிச்சம் இருப்பது ராஜ்யசபா. தமிழ்நாட்டுக்கு மொத்தம் 18 இடம், இரண்டு வருசத்துக்கு ஒரு தடவை ஆறு காலியாகும், ஒன்றுக்கு 34 எம்எல்ஏ ஓட்டு வேண்டும். அதற்குக் கட்சித் தலைமையின் வாசலில் நிற்கிற வரிசை இங்கிருந்து தாழையூத்து வரைக்கும் நீளும். கலிங்கப்பட்டிக்காரர் வைகோவைப் பாருங்கள். விருதுநகரில் 2009இலும் 2014இலும் அடுத்தடுத்துத் தோற்றார், 2019இல் ராஜ்யசபாவுக்குப் போனார், 2025இல் அதுவும் முடிந்தது. அவர் ஒரு கட்சிக்கே தலைவர். நம் அண்ணாச்சி மாவட்டத்தைத் தாண்டாத ஆள். அவருக்கு யார் கொடுக்கப் போகிறார்கள்?

இன்னொன்று கவர்னர் பதவி. அது டெல்லியில் செல்வாக்கு உள்ள கட்சிக்குத்தான். தமிழிசை 2019இல் தூத்துக்குடியில் தோற்றார், அதே வருசம் செப்டம்பரில் தெலுங்கானா கவர்னர். நம் ஆளுக்கு அந்தப் பாதையும் இல்லை.

முன்னாள் எம்எல்ஏவுக்குப் பென்ஷன் உண்டு. 2017இல் 12,000த்தை 20,000 ஆக்கினார்கள், அப்புறமும் கூடியிருக்கிறது. அரசு பஸ்ஸில் இலவச பாஸ் உண்டு. பசியில்லாமல் இருந்துவிடலாம். ஆனால் பேட்டை ரோடு கேட்பது சோற்றைப் பற்றி இல்லையே.

பேட்டை ரோடு
ஆமாம் ஐயா, அதேதான். நீங்கள் ஆபீசில் இருந்து பார்த்திருப்பீர்கள், ஆள் எப்படி?

கொக்கிரகுளம்
கேட்டதால் சொல்கிறேன். மற்ற எம்எல்ஏக்கள் ஆள் மூலமாக லெட்டர்பேடில் எழுதி அனுப்புவார்கள். “ஆவன செய்யவும்” என்று ஒரு வரி. அது எந்தத் தபாலோடு தபாலாகப் போகும் என்று எங்களுக்குத் தெரியும். இவர் அப்படி இல்லை. திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு வருகிற கும்பலோடு வந்து, கலெக்டர் அறைக்குப் போகாமல் நேரே செக்ஷனுக்கு வருவார். “முதியோர் பென்ஷன் எந்த சீட்டுய்யா இப்போ? போன மாசம் அந்த மூலையில இருந்துச்சே” என்பார். சீட் மாறியதுகூட அவருக்குத் தெரியும். ஒரு நாள் ஒரு விதவைக் கேஸ். இறப்புச் சான்றிதழில் கணவர் பெயர் ஒரு மாதிரி, ரேஷன் கார்டில் ஒரு மாதிரி. பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். “விஏஓ கிட்ட ரெண்டும் ஒரே ஆளுதான்னு சான்று வாங்கி வச்சா இந்த ஃபைல் நகருமா நகராதா, அதை மட்டும் சொல்லுங்க” என்றார். நகரும் என்றேன். மறுநாளே சான்றிதழோடு அந்த அம்மா வந்து நின்றார். அந்த வருசம் அவர் எம்எல்ஏவே இல்லை, தோற்றுப் போயிருந்த சமயம்.

திசையன்விளை காத்து
ஃபைல் நகர்ந்தது சரி. தண்ணீர் நகர்ந்ததா? தாமிரபரணி – கருமேனியாறு – நம்பியாறு வெள்ளநீர்க் கால்வாய் 2009இல் தொடங்கியது. 2023 டிசம்பரில்தான் சோதனைக்காகத் தண்ணீர் விட்டுப் பார்த்தார்கள். என் மகள் ஒன்றாம் வகுப்பில் இருந்தபோது தோண்ட ஆரம்பித்தார்கள், தண்ணீரைப் பார்க்கும்போது அவள் காலேஜ். நடுவில் வந்த ஒவ்வொரு தேர்தலிலும் “அடுத்த வருசம் வந்துரும்” என்று எல்லாக் கட்சிக்காரனும் சொன்னான், அண்ணாச்சியும் சொன்னார். தனியாளுக்கு ஓடிப்போய் உதவுகிறவர் நல்ல மனுசன்தான். நூறு கிராமத்துக்கு வேண்டியதை முட்டி மோதி வாங்குகிறவர்தான் எம்எல்ஏ. முதலாவதை வைத்து இரண்டாவதை மறைத்துக்கொண்டே நாற்பது வருசம் ஓட்டியிருக்கிறார் என்பது என் வாதம். அவர் மேல் கோபம் இல்லை. ஓட்டும் போடவில்லை.

மேலப்பாளையம் மாமா
காத்து சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் அதே 2023 டிசம்பரில், கலெக்டர் ஆபீஸ் வளாகத்துக்குள்ளேயே ஆறு புகுந்த அன்றைக்கு, டிராக்டர் பெட்டியில் நின்றுகொண்டு சாரத்தை மடித்துக் கட்டி பன் பாக்கெட்டும் தண்ணீர் கேனும் கொண்டுவந்தது யார்? கட்சித் துண்டுகூடத் தோளில் இல்லை. அன்றைக்குப் பிடித்த முழங்கால் வலிதான் இது என்று அவர் டிரைவர் சொல்கிறார். உண்மையோ, டிரைவரின் விசுவாசமோ, தெரியாது.

தாம்பரம் டு நெல்லை
பன் கொடுத்தார், சரி. அடுத்து மகனைக் கொண்டுவந்து நிறுத்தப் போகிறார், பார்த்துக்கொண்டே இருங்கள். “என் ஓய்வுக்குப் பின்” என்றால் இவர்கள் அகராதியில் “என் மகன்” என்று அர்த்தம்.

கல்லிடை மதினி
தாம்பரம் தம்பி, மகன் வெளிநாட்டில் இருக்கிறான். ஓட்டுப் போடக்கூட வரவில்லை. அந்தக் கவலையை விடுங்கள்.

எல்லாரும் அவரைப் பற்றியே பேசுகிறீர்கள். அந்த வீட்டு அக்காவை எனக்குப் பழக்கம். கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் கதவு சாத்தி அவர் பார்த்ததில்லை. காலை ஐந்தரைக்கே முன்திண்ணையில் செருப்புச் சத்தம் கேட்கும். சமையலுக்கு எப்போதும் பதினைந்து பேருக்கு உலை. வருகிறவர்கள் போர்த்திய பொன்னாடை மட்டும் ஒரு இரும்புப் பீரோ நிறைய இருக்கிறது. எல்லாம் அந்த வழவழப்புத் துணி. வேட்டியாகவும் கட்ட முடியாது, துடைக்கவும் ஆகாது. அக்கா அதை வெட்டித் தலையணை உறை தைத்தார், தலை வழுக்கிக்கொண்டே இருக்கிறதென்று பிள்ளைகள் எறிந்துவிட்டார்கள். பள்ளிக்கூடத்து நாடகத்துக்கு ராஜா வேசத்துக்குக் கொஞ்சம் கொடுத்தார். மிச்சம் அப்படியே கிடக்கிறது.

முதல் தடவை தோற்றபோது நடந்ததை அக்கா சொல்லியிருக்கிறார். அப்போது தரைவழி போன்தான். ரிசல்ட் வந்து மூன்றாம் நாள். மத்தியானம் முழுக்க மணி அடிக்கவில்லை. இவர் எழுந்துபோய் ரிசீவரைக் காதில் வைத்துப் பார்த்திருக்கிறார். டயல் டோன் நன்றாகத்தான் வந்திருக்கிறது. வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அரை மணி கழித்து மறுபடி எழுந்துபோய் எடுத்துப் பார்த்தார். “அன்னைக்கு நான் அடுப்படிக்குள்ள போய் அழுதேன்” என்றார் அக்கா. தோற்றதற்கு அழவில்லை, அதற்குத்தான்.

பேட்டை ரோடு
மதினி, நான் கேட்ட கேள்வி இதுதான். எனக்கு எழுதத் தெரியவில்லை.

சேரன்மாதேவி 77
இழையை இப்போதுதான் பார்த்தேன். தோற்றுத் திரும்பி வந்தவர் இல்லையா என்ன? 1967இல் விருதுநகரில் காமராஜரையே 1,285 ஓட்டில் தோற்கடித்தார்கள். ஜெயித்தது சீனிவாசன் என்ற மாணவர் தலைவர். 1969இல் நாகர்கோவில் இடைத்தேர்தலில் நின்று காமராஜர் எம்பி ஆனார், 1971இலும் அங்கேயே ஜெயித்தார். விருதுநகர் கைவிட்டால் குமரி கைகொடுக்கும்.

திசையன்விளை காத்து
விருதுநகரில் தோற்றபோது காமராஜருக்கு வயது 63. அதோடு அவர் காமராஜர். நம் அண்ணாச்சியைக் கொண்டுபோய் நாகர்கோவிலில் நிறுத்தினால் அவர் பெயரைச் சொல்லவே அங்கே ஆள் தேட வேண்டும்.

சேரன்மாதேவி 77
அதுவும் சரிதான். ஆனாலும் இருந்த பதவி பெரிதென்றால் பெயர் நிற்கும் என்றும் எனக்குத் தோன்றவில்லை. சபாநாயகர் நாற்காலிக்கும் நம் ஜில்லாவுக்கும் என்னமோ ஒட்டு உண்டு. செல்லபாண்டியன், பி.எச். பாண்டியன், ஆவுடையப்பன், அப்பாவு என்று நாலு பேர். இதில் செல்லபாண்டியன் 1962 முதல் 1967 வரை சட்டசபையையே நடத்தியவர். இன்றைக்கு வண்ணார்பேட்டையில் அவர் சிலையைச் சுற்றி ஓடுகிற ஆட்டோக்காரர்களில் பத்துப் பேரைக் கேளுங்கள், யார் இவர் என்று. “செல்லபாண்டியன் சிலை, அண்ணாச்சி” என்பார்கள். சிலையே ஆளாகிவிட்டது.

வைகுண்டத்துப் பேரன்
பதவி இல்லாமல் என்ன செய்வது என்று கேட்கிறீர்கள். எங்கள் ஸ்ரீவைகுண்டத்துக்காரர் நல்லகண்ணுவை ஒருத்தரும் சொல்லவில்லையே?

1999இல் கோயம்புத்தூரில் எம்பி சீட்டுக்கு நின்று தோற்றார். எம்எல்ஏவாகவோ எம்பியாகவோ ஒரு நாள்கூட இருந்ததில்லை. தாமிரபரணியில் மணலை வழித்து அள்ளிக்கொண்டிருந்தபோது மதுரை ஐகோர்ட் கிளையில் வழக்குப் போட்டு, வக்கீல் வைக்காமல் தானே நின்று வாதாடி, 2010இல் ஐந்து வருசத்துக்குத் தடை வாங்கினார். அப்போது அவருக்கு எண்பத்தைந்தை ஒட்டிய வயது. 2022இல் தகைசால் தமிழர் விருதோடு கொடுத்த 10 லட்சத்தோடு தன் கைக்காசு 5,000த்தையும் சேர்த்து அரசாங்க நிவாரண நிதிக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார். அன்றைக்குக் கோவையில் அவரை ஜெயித்தவர் சி.பி. ராதாகிருஷ்ணன். அவர் பின்னால் அதே கோவையில் தோற்று, கவர்னராகி, 2025இல் துணை ஜனாதிபதியும் ஆகிவிட்டார். இரண்டு பேருக்கும் ஒரே தேர்தல்தான் கிளை பிரிகிற இடம். எங்கள் ஊர் முக்காணி பக்கம் ஆற்றைப் பார்க்கிறபோது எனக்குத் தோற்றவர் ஞாபகம்தான் வருகிறது.

கொக்கிரகுளம்
பேரன் சொன்னது பெரிய ஆள் கதை. கட்சி அலுவலகத்தில் பாயை விரித்துப் படுத்துப் பழகியவருக்குப் பதவி போனால் இழக்க ஒன்றுமில்லை. நம் அண்ணாச்சி அந்த ரகம் இல்லை, காரும் கூட்டமும் அவருக்கு வேண்டும். ஆனால் ஒன்று. எந்த மனு எந்த சீட்டுக்குப் போகும் என்பது அவருக்குத் தெரியும் என்றேனே, அதைத் தேர்தல் கமிஷன் எண்ணிக் கழிக்க முடியாது. இப்போது எல்லாம் ஆன்லைன் என்கிறார்கள். ஈசேவை மையத்தில் கொடுத்த விண்ணப்பம் “நிராகரிக்கப்பட்டது” என்று ஒரு வரியோடு திரும்பி வரும்போது, ஏன் என்று கேட்டுச் சொல்ல முன்னைவிட இப்போதுதான் ஆள் வேண்டியிருக்கிறது.

தாம்பரம் டு நெல்லை
அதை எம்எல்ஏவாக இருந்து ஆன்லைனில் சரிசெய்யச் சொல்லியிருக்கலாம். சரி, விடுகிறேன். மதினி சொன்ன போன் கதை என்னையும் கொஞ்சம் அசைத்துவிட்டது.

டீக்கடை கணக்கு
அண்ணாச்சிமாரே, நான் அதிகம் எழுதுகிறவன் இல்லை. அவர் வீட்டுக்கு எதிர்சாரியில் கடை வைத்திருக்கிறேன். எனக்கு எக்ஸிட் போல் எல்லாம் வேண்டாம், நோட்டு இருக்கிறது. பிரச்சார நேரத்தில் அவர் வீட்டுக் கணக்கில் நாளுக்கு நூற்றைம்பது டீ போனது, வடை தனி. ஓட்டுப்பதிவுக்கு மறுநாள் நாற்பது. அந்த வாரக் கடைசியில் பதினெட்டு. நேற்று ஒன்பது. அந்த ஒன்பதில் இரண்டு டிரைவர், ஒன்று மீட்டர் ரீடிங் எடுக்க வந்த ஆள்.

பட்டுவாடாப் பணத்தை வாங்கிக்கொண்டு போன பையன்கள் ஒருத்தனையும் தெருவில் காணவில்லை. அதில் பாதி வீட்டுக்கு வந்து சேரவே இல்லை என்று ஊரே சொல்கிறது. அவருக்கும் தெரியும். ஆனால் வாயைத் திறந்து ஒருத்தனையும் கேட்கவில்லை.

பேட்டை ரோடு
பாக்கி எவ்வளவு நிற்கிறது?

டீக்கடை கணக்கு
அதைச் சொல்லத்தான் திரும்ப வந்தேன். இன்று காலையில் அவரே ரோட்டைத் தாண்டி வந்தார். முழங்காலுக்கு உறை மாட்டியிருந்தார், ரோட்டைக் கடக்கவே ஐந்து நிமிடம். பெஞ்சில் உட்கார்ந்து, “நோட்டைக் கொண்டா” என்றார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரி வரியாகப் பார்த்தார். ஒரு இடத்தில் ஏழு வடையை நான் இரண்டு தடவை எழுதியிருந்தேன், விரலை வைத்துக் காட்டினார். சரிதான். கழித்துவிட்டு மொத்தத்தையும் எண்ணிக் கொடுத்தார். “எண்ணி முடிச்ச பிறகு தாரேன்னா நீ ராத்திரி தூங்க மாட்டே” என்றார்.

அந்த நேரம் பார்த்து மேலத்தெருக் கிழவி ஒருத்தி மஞ்சப்பையோடு வந்து நின்றாள். முதியோர் பென்ஷன் மூன்று மாதமாக வரவில்லையாம். அவர் காகிதத்தை வாங்கிப் படித்தார். “தாயி, இப்போ தேர்தல் விதி இருக்கு, எழுதிக் குடுத்தா தப்பு. எண்ணிக்கை முடியட்டும்” என்றார். அவள் விடுவாளா? “எண்ணின பிறகு நீங்க இருப்பீங்களா ஐயா?” என்று முகத்துக்கு நேராகக் கேட்டுவிட்டாள். நான் பாய்லர் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், “இந்தக் கார் இருக்காது. குறைதீர் நாள் திரும்ப ஆரம்பிச்சதும் வர்ற முதல் திங்கட்கிழமை எட்டு மணிக்கு இந்தக் கடை வாசல்ல வந்து நில்லு. டவுன் பஸ்ல போவோம். உனக்கும் டிக்கெட் கிடையாது, எனக்கும் டிக்கெட் கிடையாது” என்றார்.

சர்க்கரை போடாத டீ ஒன்று, உளுந்த வடை இரண்டு. அதற்குக் கையில் காசு கொடுத்துவிட்டார், நோட்டில் எழுதவில்லை.

கல்லிடை மதினி
வடை இரண்டா? அவருக்கு எண்ணெய்ப் பலகாரம் ஆகாது என்று டாக்டர் சொல்லி ஆறு மாதம் ஆகிறது. அக்காவிடம் இப்போதே சொல்கிறேன்.

டீக்கடை கணக்கு
மதினி, நான் சொன்னதாகச் சொல்லிவிடாதீர்கள்.